சொல்லாமல் வைத்த செக்

என் மனைவி கனகா தேசிய சாம்பியனோடு செஸ் ஆடிய அன்று நான் அவளுக்குச் செய்த ஒரே உதவி, வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். விளாங்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். சார்ஜர் வாங்க வருகிறவனிடம் அவன் மாமனார் ஊர்வரை விசாரித்துவிட்டுத்தான் மீதிச் சில்லறையைக் கொடுப்பேன். மருதுவுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று என் கூட்டாளிகள் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

கனகா எனக்கு நேர் எதிர். பத்து வார்த்தையில் முடிகிற விஷயத்தை இரண்டு வார்த்தையில் முடிப்பாள். காலேஜில் படிக்கும்போது மாவட்ட அளவில் செஸ்ஸில் முதலிடம். கல்யாணம் பேசியபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, போட்டிகளுக்குப் போக விட வேண்டும் என்பது. நான் யோசிக்காமல் தலையாட்டினேன். கேரம் மாதிரி, மழை பெய்கிற நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுகிற சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன். ஊர் ஊராகப் போய், நாள் முழுக்க உட்கார்ந்து, திரும்பி வரும்போது தலைவலி மாத்திரை கேட்கிற விளையாட்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவள் நெற்றியில் ஒரு கோடு விழும். கண் இரண்டும் பளிச்சென்று ஆகிவிடும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திண்டுக்கல் ரோட்டில் ஓர் எருமை என் பைக்குக்குக் குறுக்கே வரும்வரை. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் காலில் பிளேட் வைத்தார்கள். மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தேன். கனகா போட்டிகளை விட்டுவிட்டுக் கடையையும் என்னையும் பார்த்துக்கொண்டாள். படுத்துக்கொண்டே செல்போனை நோண்டி நோண்டி என் கண் கெட்டுப்போகிறது என்று ஒருநாள் அதைப் பிடுங்கிவிட்டு, மடியில் செஸ் போர்டை வைத்தாள்.

காய்களை நகர்த்தச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ஆனால் எனக்கு ஒரு வியாதி. என் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் மட்டும் கண்ணுக்கே தெரியாது. அவள் ராணி என் ராஜாவின் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு நிற்கும். நான் எங்கோ ஒரு மூலையில் குதிரையைத் தாண்ட வைத்துவிட்டு அவளைப் பெருமையாகப் பார்ப்பேன். அவள் விரலால் காட்டுவாள். நான் சண்டைக்குப் போவேன். கடைசியில் நானே ஒரு சட்டம் போட்டேன்: செக் வைத்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாத செக் எங்கள் வீட்டில் செல்லாது.

அன்றிலிருந்து அவள் சொல்ல ஆரம்பித்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும். கரண்டியோடு வருவாள், காயை வைப்பாள், “செக்” என்பாள், போய்விடுவாள். ஒருநாளில் எத்தனை முறை என்று கணக்கே கிடையாது. குக்கர் விசில் மாதிரி அது எங்கள் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

என் கால் சரியானதும் அவள் மறுபடி போட்டிகளுக்குப் போனாள். போன இடத்தில் எல்லாம் தோற்றாள். இத்தனை மாதத்தில் உலகம் எங்கோ போய்விட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாத பொடியன்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு வந்து அவளை அடித்தார்கள். ஒருவன் ஆட்டம் முடிந்ததும் “ஸாரி ஆன்ட்டி” என்று வேறு சொல்லியிருக்கிறான். ரேட்டிங் என்று ஒரு மதிப்பெண் உண்டு. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். அவளுடையது மாடிப்படியில் விழுந்த தேங்காய் போல இறங்கிக்கொண்டே இருந்தது.

திருச்சியில் ஒரு போட்டி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, மேலூர் தாண்டியதும் அவளாகவே பேசினாள்.

“மதுரையில நடக்கப்போற போட்டிதாங்க கடைசி. பேர் வாங்குன ஆளு ஒருத்தர்கிட்டயாச்சும் தோக்காம எந்திரிச்சா ஆடுவேன். இல்லைன்னா போர்டை அக்கா பிள்ளைகளுக்குக் குடுத்துருவோம்.”

எழுமலையில் இருக்கும் அவளுடைய அக்கா முனீஸ்வரியைத்தான் சொன்னாள். பேச்சோடு விடவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். காலேஜில் ஜெயித்து வாங்கிய மரப் போர்டைத் துடைத்து, ஜவுளிக்கடை மஞ்சப்பையில் போட்டு, வாசல் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவை செருப்பு மாட்டும்போதும் அந்தப் பை என் கண்ணில் பட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் செஸ்ஸை விட்டால் சோறு குறையப்போவதில்லை, குடும்பம் நின்றுவிடப்போவதில்லை. ஆனால் அந்த நெற்றிக்கோட்டை நான் இனிமேல் எங்கே போய்ப் பார்ப்பேன்?

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்துச் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. பொண்ணு மாப்பிள்ளை பெயர்கள் தெர்மாகோலில் அப்படியே மேடைக்கு மேலே தொங்கின. முதல் சுற்றில் யாரோடு யார் ஆடுவது என்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எல்லோரையும் ரேட்டிங்படி வரிசையாக எழுதி, புடவையை மடிப்பது போல வரிசையை நடுவில் மடிப்பார்கள். மேல் பாதியின் முதல் ஆளும் கீழ்ப் பாதியின் முதல் ஆளும் மோத வேண்டும். கீழ்ப் பாதியின் முதல் ஆள் கனகா. மேல் பாதியின் முதல் ஆள் யுகேந்திரன்.

யுகேந்திரன் கிராண்ட்மாஸ்டர், நாட்டின் சாம்பியன். வெளிநாடுகளில் ஆடுகிறவர், ஏதோ ஒரு வேண்டுகோளுக்காக மதுரைக்கு வந்திருந்தார். ஒல்லியாக, அமைதியாக, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரர் போல இருந்தார். இவரைத் தோற்கடிக்க முடியாமல் ரஷ்யாக்காரர்களே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆசைப்பட்டதுதான் ஆசைப்பட்டோம், இம்புட்டுப் பெரிய ஆளாகவா வர வேண்டும் என்று மீனாட்சியிடம் மனசுக்குள் சண்டை போட்டேன்.

முதல் மேஜையை மணமேடையில் போட்டிருந்தார்கள். நேற்றுக் கல்யாணப் பெண் உட்கார்ந்த இடத்தில் கனகா உட்கார்ந்தாள். அந்த மேஜையின் ஆட்டத்தை மட்டும் சுவரில் ஒரு பெரிய திரையில் காட்டினார்கள். எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் தடுப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம். என் பக்கத்தில் பாண்டிராஜ் என்று ஒருவர் நின்றார். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம். மகளைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்து அலைந்து ஆட்டம் முழுவதும் அத்துப்படியாகிவிட்ட மனிதர். சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று முதலிலேயே என்னை எச்சரித்தார். என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போல.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கனகா மந்திரியை எடுத்துக் குறுக்கே வைத்தாள். வைத்துவிட்டு, “செக்” என்றாள்.

ஊசி விழுந்தால் கேட்கும் மண்டபம். அவள் குரல் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. போட்டிகளில் யாரும் செக் சொல்வதில்லை, சொன்னால் எதிராளியின் கவனத்தைக் கலைக்கிற மாதிரி என்று பாண்டிராஜ் விளக்கினார். நடுவர் அசோக்குமார் மேடை ஏறிப்போய்க் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். யுகேந்திரன் பரவாயில்லை என்பது போலக் கையைக் காட்டினார்.

இதற்கு முன்னால் இப்படி ஆனதே இல்லை. கைமீறித் தோற்ற ஆட்டங்களில் செக் வைக்க அவளுக்கு வாய்ப்பே வந்திருக்காது என்று நினைக்கிறேன். இன்றைக்கு வாய்ப்பு வந்தது. என் வீட்டுச் சட்டமும் கூடவே வந்துவிட்டது.

வெயில் ஏறியது. யுகேந்திரனின் காய்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல் நெருங்கின. கனகா ஒரு சிப்பாயை இழந்தாள், பிறகு இன்னொன்று. ஆனாலும் விழவில்லை. பொடியன்களிடம் விழுந்தவள் இவரிடம் நின்றாள். நெற்றிக்கோடு கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. திடீரென்று ராணியை நீளமாக இழுத்துக்கொண்டுபோய் வைத்தாள்.

“செக்.”

சொன்ன உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை இரண்டாவது மேஜைக்காரர் கையைத் தூக்கிப் புகார் சொன்னார். அசோக்குமார் மேஜையில் இருந்த ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தி, யுகேந்திரனுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார். யுகேந்திரன் எனக்குத் தொந்தரவு இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பக்கத்து மேஜைகளுக்கும் சேர்த்துத்தான் விதி என்று நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லைதான், ஆனால் எங்கள்வரை கேட்டது.

“இன்னொரு தடவை சொன்னீங்கன்னா ஆட்டத்த அவருக்குக் குடுக்க வேண்டியிருக்கும் மேடம். எனக்கு வேற வழியில்ல.”

வாசலில் தொங்கும் மஞ்சப்பை எனக்கு ஞாபகம் வந்தது. கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் தோற்றால் ஆட்டம் தெரியாமல் தோற்பார்கள். என் பெண்டாட்டி தோற்றால் எனக்கு ஆட்டம் தெரியாததால் தோற்பாள். அப்படி ஒரு கேவலம் எந்தப் புருஷனுக்கும் வரக் கூடாது.

பாண்டிராஜ் திரையைப் பார்த்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். சாம்பியன் ஜெயிக்கிற நிலையில்தான் இருக்கிறார், ஆனால் சீக்கிரம் முடிக்க ஆசைப்பட்டு எல்லாக் காய்களையும் கனகாவின் பக்கம் கொண்டுபோய்விட்டார், அவருடைய ராஜாவைச் சுற்றி ஆளே இல்லை என்றார். வீட்டைப் பூட்டாமல் ஊரே திருவிழாவுக்குப் போன மாதிரி என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கனகாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் அசையாமல் இருந்தவள், தன் யானையை எடுத்து ஒரு சிப்பாயைத் தட்டிவிட்டு அங்கே வைத்தாள். யுகேந்திரன் முதல்முறையாக நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். யானையை வெட்டாமல் இருக்க முடியாது. வெட்டினார்.

பாண்டிராஜ் என் தோளைப் பிடித்துக் காதோரம் கிசுகிசுத்தார்.

“அண்ணே, யானைய வேணும்னேதான் குடுத்துருக்கு. இனி ராணிய வச்சு விடாம செக் குடுத்துக்கிட்டே இருந்தா அவரு ராஜா தப்பிச்சு ஓட எடமில்ல. ஒரே நெலம மூணு தடவ வந்துச்சுன்னா டிரா, தோல்வி கெடையாது. அம்புட்டுத்தான்.”

எனக்குச் சந்தோஷம் பொங்கிய அதே நொடியில் நடுவரின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. விடாமல் செக். ஒரு செக்குக்கே வாய் நிற்காதவள், வரிசையாக எத்தனை வைக்க வேண்டும்? தோல்வியிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே கதவு. அந்தக் கதவு நிறைய என் சட்டம் உட்கார்ந்திருந்தது.

கனகாவுக்கும் அது உறைத்திருக்கும். ராணியின் மேல் கையைக் கொண்டுபோனவள் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு முறை என் பக்கம் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? ஜாடை காட்டினால் உதவி செய்ததாக ஆகிவிடும். கல் மாதிரி நின்றேன். அவள் குனிந்து, சுடிதார் ஷாலின் முனையை எடுத்து, உருட்டி, வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். தேசிய சாம்பியனுக்கு எதிரே, மணமேடையில், ஊர் பார்க்க. பிறகு ராணியை எடுத்து வைத்தாள்.

சத்தம் வரவில்லை. ஷால் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

யுகேந்திரன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். அவள் மறுபடி ராணியை வைத்தாள். ராஜா திரும்பி வந்தது. ராணியும் திரும்பி வந்தது. மண்டபத்தில் ஆட்டம் முடித்த பிள்ளைகள் எல்லாம் திரைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு முறை ராணி இறங்கும்போதும் கனகாவின் கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே அந்தச் சொல் வந்து வந்து முட்டுகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக, பேசாமல் இருப்பது எம்புட்டு வேலை என்று அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணி நின்ற இடத்திலிருந்து என் கண் தானாகவே ஒரு கோட்டில் ஓடியது. குறுக்குவாட்டில், தடுக்க ஒரு காய்கூட இல்லாமல், அந்தக் கோடு நேரே ராஜாவில் போய் முட்டியது. செக். யாரும் சொல்லவில்லை. பாண்டிராஜ் சொல்லவில்லை, கனகா சொல்லவில்லை. நானாகப் பார்த்தேன். கட்டிலில் கிடந்து மாதக்கணக்கில் தெரியாதது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபோது தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பார் வாசனையால் இல்லை.

கடைசியாக ஒரு கண்டம் பாக்கியிருந்தது. மூன்றாவது முறை அதே நிலைமை வருகிறபோது, ஆடப்போகிற காயைத் தாளில் எழுதிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் வாயைத் திறந்து டிரா கேட்க வேண்டுமாம். எழுதினாள். கடிகாரத்தை நிறுத்தினாள். கையைத் தூக்கினாள். அசோக்குமார் வந்து குனிந்தார். கனகா வாயிலிருந்து ஷாலை எடுத்தாள். எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். திறந்ததும் பழக்கத்தில் அது வந்து விழுந்துவிட்டால்? நடுவர் காத்திருந்தார். யுகேந்திரனும் காத்திருந்தார். நான் மூச்சைக் கயிற்றில் மாட்டிவிட்டு நின்றேன். அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பால்குடம் சுமக்கிறவள் கால் வைப்பது போலப் பேசினாள்.

“மூணாவது தடவை வருது சார். டிரா கேக்குறேன்.”

அசோக்குமார் தாளை எடுத்துச் சரிபார்த்தார். யுகேந்திரன் சரிபார்க்கவே வேண்டாம் என்பது போல அதற்குள் கையை நீட்டிவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்; நடுவர் அதட்டியும் நிற்கவில்லை. பாண்டிராஜ் என்னைக் கட்டிக்கொண்டார். சற்று முன்வரை என்னை அடக்கிக்கொண்டிருந்த மனிதர், “ஜெயிச்சுருச்சுண்ணே” என்று கத்தினார். டிராதான் என்று அவருக்கு நானே எடுத்துச்சொல்ல வேண்டியதாயிற்று.

மேடையில் இருவரும் கொஞ்ச நேரம் காய்களை வைத்து எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யுகேந்திரன் ஏதோ கேட்டார். கனகா திரும்பி என்னைக் கைகாட்டினாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். ஏன் செக் சொல்கிறீர்கள் என்று கேட்டாராம். இவள், எங்க வீட்டுக்காரருக்குச் சொன்னாத்தான் தெரியும் சார் என்றிருக்கிறாள். நாட்டின் சாம்பியனிடம் என் மானம் இப்படித்தான் போனது. போகட்டும், நல்ல காரியத்துக்குத்தான் போனது.

சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்ததும் கனகா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆணியிலிருந்து மஞ்சப்பையை எடுத்துப் போர்டை வெளியே உருவினாள். அக்காவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் முனீஸ்வரி, போர்டை என்றைக்கடி கொண்டுவாரீக என்று கேட்டது எனக்கே கேட்டது.

“பிள்ளைகளுக்குப் புதுசு வாங்கியாரேன்க்கா. இது எனக்கு வேணும்.”

அம்புட்டுத்தான் பேசினாள். போனை வைத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல என் வாயில் ஆயிரம் வார்த்தை இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

முகம் கழுவிவிட்டு வந்து, ஓர் ஆட்டம் போடுவோமா என்று அவள்தான் கேட்டாள். காய்களை அடுக்கினோம். பாதி ஆட்டத்தில் ராணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சும்மா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் கை வழக்கம்போலக் குதிரையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. கோட்டைப் பார்த்தேன். ராஜாவை எடுத்துப் பத்திரமாக ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

கனகாவின் நெற்றிக்கோடு மறைந்து முகமெல்லாம் சிரிப்பானது. இனிமேல் இந்த வீட்டில் செக் சொல்ல வேண்டாம், சட்டத்தை மாற்றியாச்சு என்று அறிவித்தேன். அவள் சரி என்றாள். அடுத்து ஒரு காயை நகர்த்தி, என் ராஜாவுக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் அடைத்துவிட்டு, நிதானமாக, “மேட்” என்றாள். அதைச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையாம்.

மறுநாள் காலை அடுத்த சுற்றுக்குக் கிளம்பும்போது மஞ்சப்பை காலியாகத்தான் தொங்கியது. அதில் புளியோதரை டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஷாலையும் வைத்து, நானே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.